அச்சடித்த வாழ்த்தும் கைப்பட எழுதிய வரியும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வாழ்த்து அட்டை. இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கவிதை நூலொன்றில் ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டால் பாதி அலுமாரியிலே தங்கிவிடுகிறது என்று நம் கவிஞர்கள் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆனால் கவிதை நூலொன்றை வாழ்நாளில் விலைகொடுத்து வாங்காத வீடுகளுக்குள்ளும் நான்கு வரிச் செய்யுள் ஒன்று ஆண்டுதோறும் நுழைந்திருக்கிறது. வாசிக்கப்பட்டிருக்கிறது. கூடத்துச் சுவரில் நூல் கட்டித் தொங்கவிடப்பட்டும் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தது வாழ்த்து அட்டைதான். அந்தச் செய்யுள் நல்லதோ கெட்டதோ, இவ்வளவு பேரைச் சென்றடைந்த ஓர் எழுத்து வகையை இலக்கியம் பேசுவோர் ஒதுக்கிவிட முடியாது அல்லவா?

கடைக்காரர் வாழ்த்து அட்டைகளை வைபவத்தை வைத்து வகைப்படுத்துவார். பிறந்தநாள் ஒரு தட்டில், திருமணம் ஒரு தட்டில், நத்தார் ஒரு தட்டில், சுகவீனம் ஒரு தட்டில். நான் வேறொரு விதமாக வகைப்படுத்திப் பார்க்க விரும்புகிறேன். அட்டையில் உள்ள சொற்கள் யாருடையவை? அச்சகத்தாருடையவையா, அனுப்பியவருடையவையா, இருவரும் பங்கிட்டுக்கொண்டவையா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், மனிதர் ஒருவரையொருவர் எண்ணும் முறை பற்றிச் சில செய்திகள் கிடைக்கின்றன.

வாழ்த்தை வகை பிரிப்பது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து என்று இரண்டைக் கூறுகிறார். வழிபடும் தெய்வம் துணைநிற்க, வாழ்த்தப்படுபவரின் குடி வளத்தோடு தழைக்கட்டும் என்று சொல்வது புறநிலை வாழ்த்து. இன்றைய பண்டிகை அட்டைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்குள் அடங்கிவிடும். கேட்கும்போது கசந்தாலும் பின்னர் நன்மை தரும் சொல்லால் அறிவுறுத்துவது வாயுறை வாழ்த்து. கசப்பான சொல்லையும் வாழ்த்து என்றே எண்ணிய அந்த மனப்பாங்கைக் கவனியுங்கள். எந்த வாழ்த்து அட்டைக் கடையிலும் இந்த இரண்டாவது வகை விற்பனைக்கு இல்லை. அது உறவினரும் ஆசிரியரும் நண்பரும் தாமே சொல்லவேண்டியது.

இன்று நாம் அறிந்த வாழ்த்து அட்டை இங்கிலாந்தில் தோன்றியது. அதன் பிறப்புக்குக் காரணம் அன்பு மட்டுமன்று. நேரமின்மையும் ஒரு காரணம். 1840ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஒரு பென்னித் தபால் முறை வந்தது. அதற்கு முன் கடிதத்துக்கான கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் அதைப் பெறுபவரே கட்டவும் வேண்டும். புதிய முறையில், அனுப்புபவர் ஒரு பென்னி முத்திரையை ஒட்டினால் நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும். இந்தச் சீர்திருத்தத்துக்காக ரோலண்ட் ஹில் அவர்களோடு பாடுபட்டவர்களுள் ஒருவர் ஹென்றி கோல். தபால் மலிவானதும் எல்லோரும் எல்லோருக்கும் எழுதத் தொடங்கினார்கள். நத்தார் காலத்தில் வரும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத கோலுக்கு நேரமில்லை. தாம் நட்ட மரத்தின் காய் தம் தலையிலேயே விழுந்த கதைதான்.

1843இல் அவர் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஓர் அட்டையை வரைவித்தார். நடுவில் ஒரு குடும்பம் கிண்ணம் உயர்த்தி நிற்கிறது. இரு பக்கங்களிலும் ஏழைக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள். மேலே பெறுபவர் பெயருக்கு ஓர் இடம், கீழே அனுப்புபவர் பெயருக்கு ஓர் இடம். அவ்வளவுதான். ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் அச்சிட்டுக் கையால் வர்ணம் தீட்டப்பட்டன. தமக்கு வேண்டியவை போக மிகுதியைக் கோல் ஒரு ஷில்லிங் வீதம் விற்பனைக்கு விட்டார். ஒரு ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி. முத்திரையின் விலையைப்போல் பன்னிரண்டு மடங்கு. ஆகவே அது முதலில் பணக்காரரின் பண்டம். அந்தப் படத்தில் ஒரு குழந்தைக்கும் வைன் பருக்கப்படுவதைக் கண்டு மதுவிலக்குக்காரர் கண்டனம் தெரிவித்தார்கள் என்பது இன்னொரு சுவையான செய்தி.

அந்த ஆயிரத்தில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் ஒன்று 2001இல் இங்கிலாந்தில் ஏலம் போனபோது இருபதாயிரம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்டது. அது கோல் தம் பாட்டிக்கு அனுப்பிய அட்டை என்று சொல்லப்பட்டது. அச்சிட்ட படம் எல்லாப் பிரதிகளிலும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பேரன் இந்தப் பாட்டிக்கு அனுப்பினான் என்ற செய்தி அந்த ஒரு பிரதியில் மட்டுமே இருந்தது. கடிதம் எழுதும் சிரமத்திலிருந்து தப்புவதற்காகச் செய்யப்பட்ட அட்டைக்குக் கடைசியில் மதிப்பைக் கூட்டியது கையால் எழுதிய அந்தச் சிறு பகுதிதான்.

1870இல் அஞ்சலட்டைகளுக்கு அரைப் பென்னிக் கட்டணம் வந்தது. வர்ண அச்சு மலிவானது. அமெரிக்காவில் பொஸ்டன் நகர அச்சக உரிமையாளர் லூயிஸ் பிராங் 1870களில் பல வர்ண அட்டைகளைச் சிறந்த ஓவியரைக் கொண்டு வெளியிட்டார். 1910இல் ஜொய்ஸ் ஹோல் என்ற பதினெட்டு வயது இளைஞர் இரண்டு சப்பாத்துப் பெட்டிகளில் பட அஞ்சலட்டைகளை நிரப்பிக்கொண்டு கன்சாஸ் நகரத்துக்கு வந்து வியாபாரம் தொடங்கினார். அதுவே பின்னர் ஹோல்மார்க் நிறுவனமாயிற்று. ஒரு மனிதரின் நேரமின்மைக்குக் கண்ட பரிகாரம் இரண்டு தலைமுறைக்குள் பெருந்தொழிலாகிவிட்டது.

பண்டிகை அட்டையைப் போலவே பரவிய இன்னொன்று காதலர் தின அட்டை. மசாசுசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண் 1840களின் பிற்பகுதியில், இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அட்டையைப் பார்த்துவிட்டு, தாமும் சரிகைக் கடதாசியும் பூக்களும் ஒட்டி அட்டை செய்யத் தொடங்கினார். வேலை பெருகப் பெருகத் தோழியரை மேசையைச் சுற்றி இருத்தி, ஒருவர் பூ ஒட்ட, இன்னொருவர் சரிகை ஒட்ட என்று வேலையைப் பங்கிட்டார். அதே காலத்தில் இதற்கு எதிர்மாறான ஒரு வகையும் விற்பனையாயிற்று. அதற்கு வினாகிரி வலன்டைன் என்று பெயர். ஒருவருடைய மூக்கையோ தொழிலையோ குடிப்பழக்கத்தையோ கேலி செய்யும் படமும் பாட்டும் அச்சிட்ட மலிவான தாள் அது. அனுப்பியவர் பெயரே இராது. தொல்காப்பியரின் வாயுறை வாழ்த்து கசந்தாலும் கேட்பவரின் நன்மைக்காகச் சொல்லப்பட்டது, சொன்னவர் முன்னே நின்றார். வினாகிரி அட்டை காயப்படுத்துவதற்காகவே வாங்கப்பட்டது, அனுப்பியவர் ஒளிந்துகொண்டார். இன்று முகநூலில் பொய்ப் பெயரில் வசை எழுதுவோருக்கு ஒரு முன்னோர் வரிசை உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது.

இனி, அட்டையில் அச்சாகும் செய்யுளைப் பார்ப்போம். ஓர் அட்டை பல்லாயிரம் பேருக்கு விற்பனையாக வேண்டுமானால் அதிலுள்ள பாட்டு யாருக்கும் பொருந்த வேண்டும். ஊர்ப் பெயர் வரக்கூடாது, ஆள் பெயர் வரக்கூடாது, நடந்த சம்பவம் எதுவும் வரக்கூடாது. “அன்புள்ள அம்மாவுக்கு” என்று எழுதலாம். ஆனால் அம்மா காலையில் நான்கு மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்தாள் என்று எழுத முடியாது. அவளுடைய கைச்சூடு, அவளுடைய கோபம், அவளுடைய பாட்டு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதியாக நிற்கும் ‘அம்மா’ என்ற பொதுச்சொல்தான் அட்டையில் அச்சாகும். அட்டைப் பாட்டுக்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் எழுதுபவரின் திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தொழிலின் தேவையே அதுதான்.

நம்மிடம் இதற்கு நேர்மாறான ஒரு வகை இருக்கிறது. நம் திருமண வீடுகளிலும், அதிபர் ஒருவர் இடம்மாறிச் செல்லும் பிரியாவிடை வைபவங்களிலும், மணிவிழாக்களிலும் வாழ்த்துப்பா வாசித்துக் கையளிப்பதை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்து மடல். அதில் மணமக்களின் பெயர் வரும், பெற்றோர் பெயர் வரும், இரு ஊர்ப் பெயரும் வரும், குலதெய்வக் கோயிலும் வரும். எல்லாவற்றையும் வெண்பாவுக்குள்ளும் விருத்தத்துக்குள்ளும் எதுகை மோனையோடு அடக்கவேண்டும். புலவர்கள் வள்ளல்களுக்குச் செய்யுளிலேயே ஓலை எழுதிய சீட்டுக்கவி மரபின் ஒரு கிளை இது என்று சொல்லலாம். கடை அட்டை எல்லாப் பெயரையும் நீக்குகிறது. வாழ்த்துப்பா எல்லாப் பெயரையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தச் சட்டம் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

ஆனால் நம்மையே நாம் மிகையாகப் பாராட்டிக்கொள்ளவும் கூடாது. ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி, பதினாறும் பெற்று என்று தொடங்கிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றிப் பத்துக் கலியாணத்துக்கு ஒரே பாட்டைக் கொடுத்த புலவர்களும் நம் ஊர்களில் இல்லாமல் இல்லை. அச்சகம்தான் பொதுச்சொல்லை உண்டாக்கும் என்றில்லை. மனம் ஒன்றாதபோது மனிதனும் அச்சகமாகிவிடுகிறான்.

தமிழ்நாட்டின் பொங்கல் வாழ்த்து அட்டை தனியே ஆராயத்தக்கது. நத்தார் அட்டையின் வழக்கத்தைப் பின்பற்றி வந்தாலும், அது தனக்கென ஓர் உலகத்தை அமைத்துக்கொண்டது. பொங்கலைத் தமிழர் திருநாளாக முன்னிறுத்திய திராவிட இயக்கம் அதற்கு ஊக்கம் கொடுத்தது. சிவகாசியின் அச்சகங்கள் அதற்கு வர்ணம் கொடுத்தன. கரும்பு, பானை, கதிரவன், பசுவும் கன்றும் ஒரு வகை. முருகனும் லட்சுமியும் ஒரு வகை. பெரியார், அண்ணா படங்கள் ஒரு வகை. எம்.ஜி.ஆர்., சிவாஜி, பின்னர் ரஜினி, கமல் என்று நடிகர் படங்கள் இன்னொரு வகை. எந்த நண்பனுக்கு எந்த நடிகர் என்று தெரிவு செய்வதிலேதான் சிறுவர்களின் மூளை வேலை செய்தது. எம்.ஜி.ஆர். இரசிகனுக்குத் தெரியாத்தனமாகச் சிவாஜி அட்டையை அனுப்பினால் நட்பே ஆட்டம் கண்டுவிடும். அச்சிட்ட சொல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தபோதும், ‘இது உனக்கென்று தேடி எடுத்தேன்’ என்ற செய்தியைத் தெரிவே சொல்லிவிட்டது. சொந்த வரி எழுதத் தெரியாத பிள்ளை படத்தால் எழுதினான்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஓர் ஆண்டுக்குள் எத்தனை வாழ்த்துக் காலங்கள்! தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், இரு பெருநாள்கள், தீபாவளி, நத்தார். வெசாக் காலத்தில் தாமரையும் தாதுகோபமும் வெளிச்சக்கூடும் வரைந்த அட்டைகளைப் பாடசாலைப் பிள்ளைகள் தாமே செய்து கொடுப்பார்கள். பெருநாள் அட்டையில் பிறையும் மினாராவும் இருக்கும். உயிருருவங்களைத் தவிர்த்து, அறபு எழுத்தின் வளைவுகளையே ஓவியமாக்கியிருப்பார்கள். சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவானது. ஆகவே இரு மொழியிலும் வாழ்த்து அச்சிட்ட அட்டைகள் காரியாலயங்களில் கைமாறியிருக்கின்றன. எதிர்மேசையில் இருப்பவரின் மொழி முழுதாகத் தெரியாதபோது அச்சடித்த வாழ்த்து பெரிய உதவி. நாம் எழுதினால் பிழைபடும் ஒரு வசனத்தை அது பிழையின்றிச் சொல்லிவிடுகிறது. அதன் கீழே நம் பெயரை அவருடைய எழுத்தில் எழுதிக் காட்ட முயன்றால், அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் வாழ்த்தின் பலன்தான்.

இன்னொரு வகை, வாங்கும் செயலே உதவியாகும் அட்டை. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் யுனிசெப் அமைப்பின் உதவியைப் பெற்ற செக்கோஸ்லோவாக்கியக் கிராமம் ஒன்றின் ஏழு வயதுச் சிறுமி நன்றி தெரிவிக்க ஒரு படம் வரைந்தாள். கடதாசி கிடைக்காத காலம். ஆகவே கண்ணாடித் துண்டொன்றில் வரைந்தாள். பூமாலை சூட்டிய கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஆடும் காட்சி அது. 1949இல் அந்தப் படமே யுனிசெப்பின் முதலாவது வாழ்த்து அட்டையாயிற்று. அதன் பின் பல பத்தாண்டுகளாக அத்தகைய அட்டைகளின் விற்பனை குழந்தைகளுக்கான பணிகளுக்குப் பணம் சேர்த்தது. இதேபோல, போலியோவால் கைகளின் செயலை இழந்து வாயால் ஓவியம் தீட்டிய ஜெர்மானியரான எரிக் ஸ்டெக்மன், தம்மைப் போன்றோரை ஒன்றுசேர்த்து 1950களில் ஒரு சங்கத்தை உருவாக்கினார். வாயாலும் காலாலும் வரைபவர்களின் ஓவியங்கள் அட்டைகளாகி உலகெங்கும் சென்றன. இந்த அட்டைகளில் அச்சிட்ட படத்துக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட மனிதர் இருக்கிறார். பொதுச்சொல் அங்கே பொதுவாக இல்லை.

சொந்தச் சொல்லுக்கு அறவே இடமில்லாத அட்டை ஒன்றும் வரலாற்றில் உண்டு. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படைவீரருக்குப் போர்முனை அஞ்சலட்டை என்று ஒன்று கொடுத்தார்கள். நான் சுகமாக இருக்கிறேன், நான் வைத்தியசாலையில் இருக்கிறேன், உமது கடிதம் கிடைத்தது என்ற வாறான வசனங்கள் அதில் அச்சாகியிருக்கும். பொருந்தாதவற்றை வெட்டிவிட்டுத் திகதியும் கையொப்பமும் இடலாம். வேறொரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்பட்டுவிடும் என்று அதிலேயே எச்சரிக்கை இருந்தது. இதைவிட உயிரற்ற கடிதம் உண்டா என்று தோன்றலாம். ஆனால் அதைப் பெற்ற தாய்க்கு அந்தத் திகதியும் கையொப்பமும் எதைச் சொல்லியிருக்கும்? இந்த நாளன்று மகன் உயிரோடு இருந்தான், இந்தக் கையெழுத்து அவனுடையதுதான்.

நமக்கும் இது விளங்காத செய்தியன்று. சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையில் பணியாற்றியது. தடுப்பில் இருந்தவர்களும் பிரிந்துபோன குடும்பங்களும் செஞ்சிலுவைச் செய்தித் தாளில் எழுதி அனுப்பினார்கள். மூடாத தாள், குடும்பச் செய்தி மட்டும். பாதைகள் மூடியிருந்த போர் ஆண்டுகளில் வடக்குக்கும் தெற்குக்குமிடையே கடிதம் போய்ச் சேர வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆயின. தைப்பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்து மாசியில் வந்தபோது ‘பிந்திவிட்டது’ என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. எழுத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். அச்சிட்டது என்ன என்பது பிறகுதான்.

இப்போது மகிழ்ச்சியிலிருந்து துக்கத்துக்கு வருகிறேன். தமிழர் கடிதத்தின் தோற்றத்தைக் கொண்டே செய்தியை அறிந்தவர்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தால் நற்காரியம். தமிழ்நாட்டில் கறுப்புக் கரையிட்ட கருமாதிப் பத்திரிகை வந்தால் வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள், வீட்டுக்குள் எடுப்பதில்லை. அனுதாபத்தை அட்டையில் அனுப்பும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. காரணம் எளிது. நாம் செத்த வீட்டுக்கு நேரே போகிறவர்கள். பேசத் தெரியாவிட்டாலும் பாயில் போய் இருந்துவிட்டு வருகிறவர்கள். அச்சிட்ட எழுத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. முப்பத்தொராம் நாள் கல்வெட்டு. அதில் இறந்தவரின் ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் அமைந்த திதி வெண்பா. இரவு பகலாக வந்து உதவியவர்களுக்கு நன்றி நவிலல். மேலைநாட்டில் மற்றவர்கள் துக்க வீட்டுக்கு அட்டை அனுப்புகிறார்கள். இங்கே துக்க வீட்டார் மற்றவர்களுக்குக் கல்வெட்டுக் கொடுக்கிறார்கள்.

ஜப்பானியரிடம் இன்னொரு நுட்பமான ஏற்பாடு உண்டு. அங்கே புத்தாண்டு அஞ்சலட்டைக்கு நெங்காஜோ என்று பெயர். முன்கூட்டியே போட்டாலும் தபால் இலாகா சேர்த்து வைத்து ஜனவரி முதலாம் திகதி காலையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கும். 1949 முதல் அதில் பரிசுச் சீட்டு இலக்கமும் அச்சிட்டார்கள். 2003இன் இறுதியில் நானூற்று நாற்பது கோடிக்கு மேல் அச்சாகிய இந்த அட்டைகள் இப்போது அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டன. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஆண்டில் குடும்பத்தில் மரணம் நிகழ்ந்திருந்தால், ஆண்டு முடியுமுன் எல்லோருக்கும் ஓர் அட்டை போகும். நாங்கள் துக்கம் காக்கிறோம், இம்முறை வாழ்த்து அனுப்பமாட்டோம், பொறுத்தருள்க என்று. வாழ்த்து அனுப்பாமைக்கு ஓர் அட்டை! அதைப் பெற்றவரும் அந்த வீட்டுக்கு வாழ்த்து அனுப்பாமல் நிறுத்திக்கொள்கிறார். ஆண்டுத் திவசம் வரை பண்டிகை கொண்டாடாத நம் வழக்கத்தின் பொருளும் இதுதான். எப்போது வாழ்த்தக்கூடாது என்று தெரிந்திருப்பதும் வாழ்த்துக் கலையின் ஒரு பகுதி.

ஆனால் வாழ்த்துக்கும் பொருந்தாமல் அனுதாபத்துக்கும் பொருந்தாமல் சில வீடுகள் இருக்கின்றன. கடும் நோயுற்றவரின் வீடு அப்படி ஒன்று. விரைவில் சுகம் பெறுக என்று எழுதினால் அது பொய்யாகிவிடுமோ என்ற தயக்கம். தயக்கத்தில் ஒன்றும் எழுதாமலே விட்டுவிடுகிறோம். இளமையில் புற்றுநோயுற்று மீண்ட அமெரிக்க ஓவியர் எமிலி மக்டவல் இதையே சொன்னார். சிகிச்சையைவிடத் தமக்குக் கடினமாக இருந்தது, என்ன சொல்வதென்று தெரியாமல் நண்பர்கள் விலகிப்போனதுதான் என்றார். அப்படிப்பட்ட வேளைக்கென்று 2015இல் அவர் தனி அட்டை வரிசை ஒன்றை வெளியிட்டார்.

நம் மண்ணில் அதைவிடக் கடினமான வீடு இருக்கிறது. 2017 தொடக்கம் வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரக் கொட்டகைகளில், காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தித் தாய்மார் இருந்ததை நாம் கண்டோம். அந்தத் தாய்க்குச் சித்திரைப் புத்தாண்டில் என்ன அனுப்புவது? இன்பம் பொங்குக என்று எழுதக் கை கூசும். அனுதாபம் என்று எழுதினால் அவளுடைய நம்பிக்கையை நாமே முறித்ததாகும். உலகத்தில் எந்த அச்சகமும் அவளுக்கென்று அட்டை அச்சிடவில்லை, அச்சிடவும் முடியாது. அங்கே அனுப்பக்கூடியது ஒன்றும் எழுதாத வெள்ளை அட்டை. அதில் பிள்ளையின் பெயரைச் சொல்லி, ‘அவனை நாங்களும் நினைக்கிறோம் அம்மா’ என்று ஒரு வரி. அந்த வரிக்கு எதுகையும் வேண்டாம், மோனையும் வேண்டாம். பெயர் வேண்டும்.

கைத்தொலைபேசி வந்த பின் வாழ்த்து அட்டைக் காலம் முடிந்துவிட்டது என்று பலர் வருந்துகிறார்கள். வட்ஸ்அப்பில் யாரோ செய்த படத்தை நூறு பேருக்கு ஒரே தட்டலில் அனுப்புவது வாழ்த்தா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஹென்றி கோல் 1843இல் செய்ததும் ஏறக்குறைய இதுவே. யாரோ வரைந்த ஒரே படத்தைப் பலருக்கும் அனுப்பினார். ஆகவே குற்றத்தைத் தொலைபேசி மீது முழுவதும் சுமத்த முடியாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கோல் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பெயரை எழுதவேண்டியிருந்தது. முகவரிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதும்போது ஒவ்வொரு பெயரிலும் மனம் சிறிது நேரம் தங்கியது. இவர் வீடு மாறிவிட்டார், இவர் சென்ற ஆண்டு அனுப்பவில்லை, என்ன சுகவீனமோ, இவர் பெயரை இனி எழுதத் தேவையில்லை என்று. எல்லோருக்கும் அனுப்பு என்று தட்டும்போது எந்தப் பெயரிலும் மனம் தங்குவதில்லை. அதனால்தான் துக்க வீட்டுக்கும் அதே பட்டாசுப் படம் போய்ச் சேர்கிறது.

நேயர்களே, அட்டையை மீண்டும் வாங்குங்கள் என்று நான் வியாபாரம் பேசவில்லை. அச்சடித்த வாழ்த்தை இகழவும் இல்லை. பேச்சு வராதவருக்கு அது ஊன்றுகோல். வரும் பண்டிகைக்கு நீங்கள் அட்டையில் அனுப்பினாலும் தொலைபேசியில் அனுப்பினாலும், ஐந்தே ஐந்து பேருக்காவது அவருடைய பெயரை எழுதி, அவருக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். ‘கிணற்றடி மாமரம் இந்த வருடம் காய்த்ததா?’, ‘முழங்கால் நோ இப்போது எப்படி?’, ‘மகள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாளா?’ அவ்வளவு போதும். பதிலுக்கு அச்சடித்த படம் வராது. மாமரத்தைப் பற்றி நாலு வரி வரும்.